இரண்டு சொகுசு எஸ்யூவி, ஒரே இட்டேரி: வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

முதன்முதலாகச் சொகுசு எஸ்யூவி வாங்கக் கிளம்புகிறவர்கள் பலரும் பத்து யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு, கோவை அவிநாசி சாலை ஷோரூமில் காபி குடித்துவிட்டு, அங்கேயே அட்வான்ஸும் கட்டிவிடுகிறார்கள். 75 லட்ச ரூபாய் வண்டியில் இஞ்சின் சரியில்லை, கியர்பாக்ஸ் சரியில்லை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டு கம்பெனியும் அதையெல்லாம் எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். வித்தியாசம் தெரிவது வேறு இடங்களில்: உங்கள் வீட்டு கேட், பின் சீட்டில் ஏற வேண்டிய அம்மிச்சியின் முழங்கால், டயரின் பக்கச்சுவர், கொட்டேஷனின் ஆறாவது வரி.

உதாரணத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்சி 220டி, பிஎம்டபிள்யூ எக்ஸ்3 20டி இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60 என்று வேறு ஜோடி உங்கள் மனதில் இருந்தாலும் முறை இதேதான்.

முதலில், இரண்டும் ஒரே தட்டா?

ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் பெட்ரோல். ஒரு பக்கம் அடிப்படை மாடல், மறுபக்கம் உச்ச மாடல். இப்படி ஒப்பிட்டால் விடை எப்போதும் தப்பாகத்தான் வரும். இரண்டிலும் ஒரே எரிபொருள், விலையில் ஐந்து லட்சத்துக்குள் வித்தியாசம், இரண்டிலும் நான்கு சக்கர இழுவை என்று பொருத்திக்கொண்ட பிறகே அடுத்த வேலை.

எண்களைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. ஒரு இடத்தில் 194 குதிரைத்திறன் என்றும் இன்னொரு இடத்தில் 197 என்றும் போட்டிருப்பார்கள். மூன்று கூடுதல் என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒன்று பிஎச்பி, மற்றது பிஎஸ்; ஒரே திறனை அளக்கும் இரண்டு அலகுகள். கிலோவாட்டைப் பாருங்கள்: மேலே சொன்ன இரண்டு டீசலும் 145 கிலோவாட்தான். டார்க், அதாவது இஞ்சினின் முறுக்கு விசை, மட்டும் உண்மையாகவே வேறு: ஜிஎல்சியில் 440 நியூட்டன் மீட்டர், எக்ஸ்3-இல் 400. கியர் அங்கே 9, இங்கே 8.

இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் பழைய விலைப் பட்டியலை நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த 50 சதவீதம் போய், ஒரே 40 சதவீதமாக ஆனது. அதற்குப் பிறகு கம்பெனிகளும் தம் பங்குக்கு விலையை மாற்றுகிறார்கள். தேதி போட்ட கொட்டேஷன் மட்டுமே கணக்கு.

டீசல் வேண்டுமா என்பதை ஓட்டும் தூரம் சொல்லும்

மாதம் 1,500 கி.மீ. ஓடும் வண்டி. கலவையான ஓட்டத்தில் பெட்ரோல் 10, டீசல் 13 தருகிறது, லிட்டர் விலை 101, 93 என்று வைத்துக்கொண்டால் கி.மீ.க்கு 10.10 ரூபாயும் 7.15 ரூபாயும். மாதம் சுமார் 4,400 மிச்சம். ஐந்து வருடத்தில் இரண்டரை லட்சம் சொச்சம். எழுபது, எண்பது லட்ச வண்டியில் இது முடிவைத் தீர்மானிக்கும் தொகை இல்லை. தீர்மானிக்க வேண்டியது ஓட்டத்தின் தன்மை.

டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது சேர்த்த கரியைத் தானே எரித்துத் தள்ள, இடைநில்லாமல் இருபது நிமிடமாவது சீரான வேகம் வேண்டும். ஆர்.எஸ்.புரத்திலிருந்து பீளமேடு, பீளமேட்டிலிருந்து ஆர்.எஸ்.புரம் என்று மட்டுமே ஓடும் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்று நின்று, ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்த்தான் எரிக்க வேண்டியிருக்கும். கரூரிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வாரம் இரண்டு முறை கோவை வந்து போகிறவருக்கு இந்தத் தொல்லையே வராது, அவருக்கு டீசல். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவருக்குப் பெட்ரோல்.

டீசலில் ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலும் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தீரப்போகிறது என்று இத்தனை கி.மீ. பாக்கி என வண்டியே எண்ணிக்காட்டும். சைபர் வந்த பிறகு அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்கள் இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவைக்கவும்.

டேப் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. எக்ஸ்3-இன் அகலம் 1,920 மி.மீ., ஜிஎல்சி 1,890. இவை பக்கக் கண்ணாடி சேராத அளவு. கண்ணாடி விரிந்திருந்தால் இரண்டுமே இரண்டு மீட்டரைத் தாண்டும். நீளம் 4,755, 4,716. அளக்க வேண்டியவை:

- கேட்டின் உள்பக்க அகலம், கீல் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில். 2.4 மீட்டருக்குக் குறைந்தால் தினமும் கண்ணாடியை மடக்கித்தான் நுழைய வேண்டும்.
- போர்ட்டிகோவில் தூணுக்குத் தூண். வண்டி அகலத்தோடு ஓட்டுநர் பக்கம் 70 செ.மீ., மறுபக்கம் 40 செ.மீ. சேருங்கள். கதவு திறக்கவும் வேண்டும், திறந்த கதவிலிருந்து வேட்டியோடு இறங்கவும் வேண்டும்.
- அடுக்ககம் என்றால் கீழ்த்தளச் சரிவு முடிந்து தரை சமமாகும் விளிம்பு. முன் பம்பரும் அடிவயிறும் தட்டுவது அங்கேதான்.

தோட்டம் உள்ளவர்களுக்கு இட்டேரி தனிப் பாடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டிக்கு விட்ட தடம், அதன் நடுவே புல் முளைத்த மேடு. மேட்டின் உயரத்தை இரண்டு சக்கரத் தடத்துக்கும் குறுக்கே ஒரு நேர்க்கம்பை வைத்து அளங்கள். மேடு கம்பை முட்டித் தூக்கினால் தூக்கும் உயரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். தடத்தின் அடியிலிருந்து 15 செ.மீ. வந்தாலே யோசிக்க வேண்டும்: ப்ரோஷரில் போட்டிருக்கும் தரை இடைவெளி பொதுவாகக் காலி வண்டிக்கு; ஐந்து பேரும் இரண்டு மூட்டை தேங்காயும் ஏறினால் வண்டி இன்னும் கீழே இறங்கும். அடியில் கல்லைவிடப் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது பிளாஸ்டிக் தட்டு. அதன் கிளிப் கழன்றால் நெடுஞ்சாலையில் படபடவென்று அடிக்கும்.

கிளுவைக் குச்சி கோடு போடும் இட்டேரி என்றால் கறுப்பு நிறத்தை மறந்துவிடுங்கள். வெள்ளை, வெள்ளி, சாம்பல் மூன்றும் கீறலை மறைக்கும்.

டெஸ்ட் டிரைவ்: ஒரே நாள், ஒரே சாலை, அதே ஆட்கள்

திங்கட்கிழமை ஒன்று, அடுத்த ஞாயிறு மற்றொன்று என்று ஓட்டினால் இரண்டாவது வண்டிதான் எப்போதும் நன்றாகத் தோன்றும். இரண்டையும் ஒரே நாளில், இரண்டு மணி நேர இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் பதினொரு மணி வாக்கில் போனால் ஏசியின் உண்மை தெரியும். மேற்கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் சூடு பின் சீட்டுக்காரர் தலையில் எப்படி உறைக்கிறது என்பதும் தெரியும். வீட்டில் அந்த வண்டியில் போகப்போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பனை ஆலோசகர் நெளிவார், பரவாயில்லை.

கிளம்பும் முன் டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணும் திரையில் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு வண்டியில் நான்கு பிஎஸ்ஐ அதிகம், மற்றதில் குறைவு என்றால் "சஸ்பென்ஷன் கடினம்", "மெத்து மெத்தென்று போகிறது" என்று நீங்கள் சொல்லும் தீர்ப்பெல்லாம் காற்றைப் பற்றியதாகிவிடும்.

சாலை மூன்று வகையாக வேண்டும். முதலாவது, நெடுஞ்சாலை: தேசிய நெடுஞ்சாலை 544-இல் ஒரே பத்து கி.மீ., 80 வேகத்தில், பாட்டு அணைத்து, ஏசி விசிறி ஒன்றில். கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலியை இரு வண்டியிலும் ஒரே இடத்தில், பின் சீட்டின் நடுவில் வையுங்கள். செயலி காட்டும் எண் துல்லியம் இல்லை, ஆனால் ஒரே கைப்பேசியில் எடுத்த இரண்டு எண்ணுக்கு இடையிலான வித்தியாசம் பயன்படும். இரண்டாவது, ஊருக்குள்: திருப்பூர் சந்துகளோ ஈரோட்டுக் கடைவீதியோ. நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும்போது கியர் வெடுக்கென்று இழுக்கிறதா, இஞ்சின் அணைந்து உயிர்பெறும்போது உதறல் உண்டா என்று பாருங்கள். வேகத்தடையில் 10, 20, 30 என்று மூன்று முறை ஏறி இறங்குங்கள். பத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். முப்பதில், ஏறி இறங்கிய பிறகு எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று பின் சீட்டில் இருப்பவர் எண்ணட்டும்.

மூன்றாவது மலை. கொங்குக்காரர்களுக்கு இது கூடுதல் சோதனை இல்லை, பழக்கமான வழி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. ஷோரூமில் எளிதில் விடமாட்டார்கள். பத்துப் பதினைந்து கி.மீ. சுற்றோடு முடிக்கப் பார்ப்பார்கள். முன்பணம் கட்டும் முன் கேட்டால் கிடைக்கும், கட்டிய பின் கேட்டால் கிடைக்காது. மேலே ஏறுவதைவிட இறங்குவதில்தான் பாடம். ஸ்டீயரிங் பின்னால் உள்ள இடது பேடலை இழுத்துக் கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை இறங்கிப் பாருங்கள். எந்த வண்டி தானாக மேல் கியருக்குத் தாவாமல் பிடித்து நிற்கிறதோ அது வால்பாறைக்குக் குடும்பத்தோடு போக ஏற்றது. பேடலைப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால், இரண்டு டன் வண்டியில் அடிவாரம் வருவதற்குள் பிரேக் சூடேறிக் கருகல் வாடை வரும். அது வண்டியின் குறை இல்லை.

பின் சீட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சேலை கட்டிய பெரியவர் ஒருவர் யாரும் கைகொடுக்காமல் ஏறட்டும். வலது காலை உள்ளே வைத்து, உட்கார்ந்து, இடது காலை உள்ளே இழுக்கும்போது சேலையின் கொசுவம் கதவடிச் சட்டத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் சேறு ஒட்டும். இறங்கும்போது பாதம் தரையைத் தொடும் முன் உடல் சரிகிறதா? இது எந்தப் ப்ரோஷரிலும் இல்லாத எண். கூடவே நடு சீட்டு: நான்கு சக்கர இழுவை வண்டி என்பதால் நடுவில் மேடு இருக்கும். ஐந்து பேர் பழனிக்குப் போகிற குடும்பத்தில் அந்த மேட்டில் கால் பரப்பி உட்காரப்போகிறவர் யார் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிக்கி கணக்கில் ஜிஎல்சி 620 லிட்டர், எக்ஸ்3 570. லிட்டரை நம்பாமல் வீட்டுப் பெட்டிகளையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். தரைத் தட்டைத் தூக்கி ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றும் பாருங்கள். சில சொகுசு வண்டிகளில் அது டிக்கி தரையின் மேலேயே படுத்திருக்கும். அப்போது ஐம்பது லிட்டர் வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை.

டயர்: சின்ன எழுத்தில் பெரிய செலவு

235/55 ஆர்19 என்றால் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், அதாவது 129 மி.மீ. அதே வண்டிக்கு 255/45 ஆர்20 எடுத்தால் பக்கச்சுவர் 115 மி.மீ. பதினான்கு மி.மீ. ரப்பர் குறைகிறது, குழியில் விழும்போது அலாய் விளிம்பு அத்தனை அருகில் வருகிறது. பார்க்க அழகு 20 அங்குலம். நம் ஊர்ப் பாதாளச் சாக்கடைத் தோண்டல்களுக்கு 19-ஏ போதும். இரண்டு வண்டிக்கும் அளவைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஊர் டயர் கடையில் விலையும் கையிருப்பும் கேளுங்கள். பிஎம்டபிள்யூவுக்கென்று செய்த டயரில் நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு எம்ஓ என்ற எழுத்து இருக்கும். கடைக்காரரிடம் அதையும் சேர்த்துக் கேட்கவும்.

நான்கு சக்கர இழுவையில் ஒரு டயர் மட்டும் கிழிந்தாலும் ஒன்றை மட்டும் புதிதாகப் போட முடியாமல் போகலாம். தேய்ந்த டயரும் புது டயரும் சுற்றளவில் வேறுபட்டால் சுழற்சியைப் பங்கிடும் பாகத்துக்கு ஓயாத வேலை. அதனால் இன்ஷூரன்ஸில் டயர் கவரைச் சேர்க்கத் தயங்க வேண்டாம். ரன்-ஃபிளாட் டயர் வந்தால் பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். ஆனால் அதன் பக்கச்சுவர் கெட்டி, வேகத்தடையில் உணர்வீர்கள்.

இரண்டு கொட்டேஷனை வரிக்கு வரி வையுங்கள்

எக்ஸ்-ஷோரூம், அதாவது வாழ்நாள் வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலை, 75 லட்சம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம்: 15 லட்சம். டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, 1 சதவீதம்: 75 ஆயிரம். இந்தக் கடைசித் தொகை செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும். ஆகவே இரண்டு வண்டிக்கும் எக்ஸ்-ஷோரூமில் 2 லட்சம் வித்தியாசம் என்றால் கையைவிட்டுப் போவதில் 2 லட்சத்து 40 ஆயிரமாவது வித்தியாசம்.

இன்ஷூரன்ஸ் வரியில்தான் ஒப்பீடு தடுமாறும். ஒரு கொட்டேஷனில் பூஜ்யத் தேய்மானம், இஞ்சின் பாதுகாப்பு, இன்வாய்ஸ் விலை திரும்பப் பெறும் கவர் எல்லாம் இருக்கும். மற்றதில் பாதி இருக்காது. ஆனால் "எங்களுது நாப்பதாயிரம் கம்மிங்க" என்பார்கள். இரண்டையும் ஒரே ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் இன்ஷூரன்ஸ் தரும் மதிப்பு), ஒரே கவர் பட்டியல் என்று மாற்றி எழுதித்தரச் சொல்லுங்கள். புது வண்டிக்கு ஐடிவி எக்ஸ்-ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்தது, அதாவது 71.25 லட்சம். அதற்குக் கீழே காட்டிப் பிரீமியத்தைக் குறைத்திருந்தால் அது தள்ளுபடி இல்லை, உங்கள் பாதுகாப்பில் ஒரு துண்டு. பூஜ்யத் தேய்மானம் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். இந்த வண்டிகளின் பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக். இஞ்சின் பாதுகாப்பு வெள்ளத்துக்கு: சுரங்கப்பாதைத் தண்ணீரில் அணைந்த இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்தால் உள்ளே ஏறிய தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

ஆறாவது வரிக்கு வருவோம். "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்ற பெயரில் ஒரு தொகை இருந்தால், "ஏனுங் தம்பி, இது எதுக்குன்னு லெட்டர்ல எழுதிக் குடுத்துருங்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த கொட்டேஷனில் அந்த வரி இருக்காது. தள்ளுபடி எங்கே குறைகிறது என்பதும் முக்கியம்: இன்வாய்ஸிலேயே குறைகிறதா, சீட் கவரும் மேட்டும் கொடுத்து ஈடுகட்டுகிறார்களா? பணமாகக் குறைவதே தள்ளுபடி.

வரியை மிச்சம் பிடிக்கப் புதுச்சேரி நம்பர் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இங்கே குடியிருந்துகொண்டு அங்கே விலாசம் காட்டுவது பொய் ஆவணம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவும் செய்தாக வேண்டும்.

கம்பெனி பேரில் எடுப்பவர்களுக்கு

மில், எக்ஸ்போர்ட், கோழிப்பண்ணை எதுவாக இருந்தாலும், சொந்த உபயோகத்துக்கான காரில் கட்டிய 40 சதவீத ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. தேய்மானம் கிடைக்கும்: வருடம் 15 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் கடைசி நாள் அக்டோபர் 3. ஆடியில் வேண்டாம், புரட்டாசியில் வேண்டாம் என்று தள்ளித் தீபாவளிக்கு எடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். புத்தக மதிப்பு 90 லட்சம் என்றால் முதல் வருடம் 13.5 லட்சத்துக்குப் பதில் 6.75 லட்சம். மீதி தொலைந்துபோகாது, பின்வரும் வருடங்களில் வரும். ஆனால் இந்த வருட வரி கூடும். தேதி குறிக்கும் முன் ஜோசியரோடு ஆடிட்டரையும் கேளுங்கள்.

சர்வீஸும் நம் ஊர்த் தூசும்

உத்தரவாதம் எத்தனை வருடம், நீட்டிப்பு எவ்வளவு, சர்வீஸ் பேக்கேஜில் பிரேக் பேட் சேருமா சேராதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தாராபுரத்திலோ கோபியிலோ இருப்பவர் வண்டியை எடுத்துப்போய்த் திரும்ப விடும் வசதிக்குக் கி.மீ. வரம்பு என்ன என்று கேட்க வேண்டும்.

பல்லடம், சோமனூர் பக்கம் பஞ்சுத்தூசு, பொள்ளாச்சி பக்கம் தென்னை நார்த்தூள். இரண்டும் ஏசி கண்டென்ஸரிலும் கேபின் ஃபில்டரிலும் அடையும். ஃபில்டரை சர்வீஸ் வரை காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, போர் உப்புத் தண்ணியில் கழுவி வெயிலில் காயவிட்டால் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசி இரண்டு வாளி நல்ல தண்ணீர், உடனே துணியால் ஒற்றுதல். தோட்டத்துச் சாளையில் நிறுத்துகிறவர்கள், எலி வயரைக் கடித்தால் பாலிசியில் வருமா என்று முன்னமே கேட்டு எழுதி வாங்கவும்.

பணம் முழுக்கக் கட்டும் முன் யார்டுக்கு ஒரு நடை

முடிவு செய்த வண்டி பதிவாகும் முன் பார்க்க வேண்டும். பதிவான பின் குறை சொன்னால் ரிப்பேர்தான், மாற்று வண்டி இல்லை. பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். சேசிஸ் எண் 17 எழுத்தும் தயாரித்த கம்பெனி தரும் சான்றான படிவம் 22-இல் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, தயாரித்த மாதம் எது என்று பாருங்கள். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025-இன் 32-ஆவது வாரம். நான்கு டயரும் சில வார இடைவெளிக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் என்று கேளுங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருடக் குறி இருக்கட்டும். பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் தகடுக்குத் தகடு வையுங்கள். எல்லாம் 100 முதல் 150 மைக்ரான் சுற்றி இருக்கும்போது ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபெயின்ட். ஜிஎல்சி புனே அருகே சாகனிலிருந்தும், எக்ஸ்3 சென்னை ஆலையிலிருந்தும் லாரியில் வருகின்றன. ஏற்றி இறக்கும்போது உரசும் இடம் முன் பம்பரின் அடி உதடும் சக்கர விளிம்பும்தான். அங்கே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பூஜைக்குக் குறித்த நேரம் காலை ஒன்பது என்றால், முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு இன்னொரு முறை போய், இரண்டு சாவியும் வேலை செய்கிறதா, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா, விற்பனைச் சான்றான படிவம் 21-இல் பெயர் சரியா என்று பார்த்துக் கையெழுத்தை அப்போதே போட்டுவிடுங்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பமே போட்டோவுக்கு நிற்கும்போது பம்பருக்கு அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வராது.